மூவரும் பார்த்தார்கள்

நாங்கள் குடும்பத்தோடு போரிவ்லி மலைக்குப் போனது 1943-ஆம் வருஷம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதில்தான் சந்தேகம். அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டிருந்தது. ஆகவே நாற்பத்திரண்டு இல்லை. துறைமுகத்தில் கப்பல் வெடித்து, மாட்டுங்காவில் எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கியது அதற்கு அடுத்த ஏப்ரலில். ஆகவே நாற்பத்து நாலும் இல்லை. ஆவணி அவிட்டத்துக்குப் போட்ட பூணூலின் மஞ்சள் அப்பாவின் தோளில் இன்னும் வெளுக்கவில்லை. நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள ஞாயிறுகளில் ஏதோ ஒன்று.

என்னிடம் அந்த நாளைப் பற்றிய எழுத்துச் சான்று ஒன்று உண்டு. அப்பா தம் ஆபீஸில் மிஞ்சிப்போன பழைய டயரி ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். அச்சிட்டிருந்த தேதிகள் முடிந்துபோன ஒரு வருஷத்துடையவை என்பதால் அவற்றை நான் சட்டை செய்யவில்லை. பக்கத்தின் தலையில் "ஞாயிறு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஒன்பது வயதில் கிழமை எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அதன் கீழே ஏழு வரிகள். ஏழாவது வரியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டயரி எழுதும் பழக்கம் எனக்கு ஒரு திருட்டினால் வந்தது. அந்த ஆடிமாதம் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பால்கனிக் கொடியில் காய்ந்த இரண்டு புடவைகளும், குழந்தைக்குச் சாதம் ஊட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்த வெள்ளிக் கிண்ணமும் காணாமல் போயின. கட்டடத்துக்குள் வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் யாராவது எழுதிவைத்திருந்தால் திருடன் அகப்பட்டிருப்பான் என்று அப்பா விளையாட்டாகச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் பால்காரர், தபால்காரர், கத்தி சாணை பிடிக்கிறவர், ரவிக்கைத் துணிக்காரர் எல்லாரும் என் டயரியில் ஏறினார்கள். அம்மா தன் பங்குக்கு அத்தையின் வெள்ளிக் கொலுசைக் கழற்றச் சொல்லி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது; அந்த நாளில் எங்கள் ஜனங்களிடையே அது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வயது. இரண்டு வரன்கள் வந்திருந்தன. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, நல்ல பதில் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனவர்கள் இரண்டு பேருமே ஒரு வாரம் கழித்து மௌனமாகிவிட்டார்கள். காரணம் அப்போது எனக்குத் தெரியாது. வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் கஞ்சி வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி அத்தையின் இடது காலில் கொட்டியிருக்கிறது. கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே, வெற்றிலைக் கொழுந்து போல ஒரு வெளிறிய தழும்பு. நான் தினமும் பார்க்கிற தழும்பு. குழாயடியில் கால் கழுவும்போது அதைப் பக்கத்து வீட்டு மாமியும் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் அதற்கு ஒரு வியாதியின் பெயரைச் சூட்டிவிட்டாள். அந்தப் பெயர் மாட்டுங்கா முழுக்கப் போய்வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் கடைசியாக வந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது எங்கள் கதவுக் கொண்டியில் ஒரு குடை தொங்கிற்று. கறுப்புக் குடை, பிரம்புப் பிடி, ஒரு பக்கத்துத் துணி கிழிந்து சிவப்பு நூலால் தைத்திருந்தது. கறுப்புக் குடையை யாராவது சிவப்பு நூலால் தைப்பார்களா? உள்ளே ஒரு மாமா அப்பாவோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. "யார்ப்பா?" என்று பிறகு கேட்டதற்கு, "ஆபீஸ் விஷயமா" என்று சொல்லிவிட்டு அப்பா உடனே தினசரியைப் பிரித்தார். ஆபீஸ் விஷயமாக வருகிறவர் அப்பா ஆபீஸில் இருக்க வேண்டிய நேரத்தில் வீட்டுக்கு ஏன் வரவேண்டும், அப்பாதான் ஏன் வீட்டில் இருக்கவேண்டும்? டயரியில் குடையின் முழு வர்ணனையும் இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா, மறுநாள் எல்லாரும் கன்ஹேரிக் குகைகளைப் பார்க்கப் போகிறோம் என்றார். அப்பா எங்களை எங்கும் அழைத்துப்போகிறவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுதும் தூங்குவதை அவர் ஒரு அனுஷ்டானமாகவே வைத்திருந்தார்.

"மன்னி, அண்ணாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அத்தை சமையலறையில் அம்மாவிடம் கேட்டாள்.

"குழந்தைகள் எங்க போயிருக்கு, சொல்லு. நீயும் ஆபீஸ், ஆம், ஆபீஸ்னு கெடக்கே. மழை விட்டிருக்கு, ஓடையெல்லாம் தண்ணி ஓடும். சித்த காலை நனைச்சுண்டு வரலாமே" என்றாள் அம்மா. ஒரே மூச்சில் சொன்னாள். மனப்பாடம் செய்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

மறுநாள் விடியற்காலையில் சந்தேகத்துக்கு மேலும் இரண்டு இடம் கிடைத்தது. முதலாவது, அம்மா அரிசி அளந்தாள். நாங்கள் ஐந்து பேர். அதில் தம்பிக்கு நாலு வயது, அரை ஆள். ரேஷன் அரிசியை மணி மணியாகப் பார்த்துச் செலவு செய்கிற அம்மா அன்று எட்டு பேருக்குப் போதுமான புளியோதரையும் தயிர்சாதமும் பிசைந்தாள். இரண்டாவது, டிரங்குப் பெட்டியைத் திறந்து கொலுசை எடுத்து அத்தையிடம் கொடுத்தாள்.

"திருட்டு பயம்னு வாங்கி வச்சேளே, மன்னி?"

"காட்டுல யாருடி திருடப்போறா? போட்டுக்கோ. வெறுங்கால் நன்னால்லை."

வீட்டுக்குள் போடக்கூடாத கொலுசைக் காட்டுக்குள் போடலாமாம். அத்தை ஒரு நிமிஷம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஆனால் போட்டுக்கொண்டாள்.

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் குடையை மறுபடி பார்த்தேன். பிளாட்பாரத்தின் மறுகோடி பெஞ்சில் அந்த மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு மூக்கிலும் வைரம் போட்ட ஒரு மாமி. அவளுக்கு அந்தப்பக்கம் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன். அப்பா அந்த மாமாவைப் பார்த்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். உடனே இருவரும் ஒரே சமயத்தில் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"அப்பா, அந்த மாமா வியாழக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"வண்டி வரது, கையைப் பிடிச்சுக்கோ" என்றார் அப்பா. வண்டி வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று வியாழக்கிழமை வந்து நோட்டம் பார்த்தவர், இன்று பின்னாலேயே வருகிறார். அப்பாவுக்கு முகம் நினைவிருக்காது, அவர் அப்படித்தான். பாக்கி இருப்பது நான் ஒருத்திதான்.

போரிவ்லியில் இறங்கி டாங்கா பிடித்தோம். மண் ரோடு முடிகிற இடத்தில், "ஆகே நஹீ ஜாயேகா, சேட்" என்று சொல்லி டாங்காக்காரர் குதிரையை நிழலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து நடை. ஒற்றையடிப் பாதை மூங்கில் புதர்களுக்குள் ஏறி ஏறிப் போயிற்று. மழை குடித்த செம்மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. தம்பி தொட்டாற்சுருங்கிச் செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அது சுருங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றான். அப்பா, புத்த பிட்சுக்கள் பாறையைக் குடைந்து தண்ணீர்த் தொட்டி கட்டிய விதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தார். நேற்று இரவல் வாங்கிய புத்தகத்திலிருந்து வந்த விஷயம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஆளுயரப் புல்லுக்கு மேலே அந்தக் குடை மட்டும் மிதந்து வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது.

"முன்னால பாத்து நட. புலி வந்தா நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

குகைகளுக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போது ஒரு ஓடை குறுக்கே வந்தது. கறுத்த பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிவு. அப்பா அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். பிட்சுக்களின் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கால் மணி நேரத்தில் குடை வந்து சேர்ந்தது.

"அடடே! என்ன ஆச்சரியம்! நீங்களும் மாட்டுங்காவா?" என்று அப்பா எழுந்தார். அந்த மாமா இன்னும் வாயே திறக்கவில்லை. மாட்டுங்கா என்ற சொல்லை அதுவரை யாரும் உச்சரிக்கவில்லை. அப்பா தணிக்கை ஆபீஸில் வேலை பார்த்தார். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடித்தே பழகியவருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை.

"ஆமாம் ஆமாம், நாங்களும் சும்மா... காத்தாட..." என்றார் மாமா.

அம்மா உடனே இலைகளைப் பிரித்தாள். அப்போதுதான் அவர்களுடைய பெரிய தப்பு எனக்கு அகப்பட்டது. நாள் முழுக்க வெளியே சுற்ற வந்த மூன்று பேர், கையில் ஒரு கூஜாத் தண்ணீரைத் தவிரச் சாப்பாடே எடுத்து வரவில்லை! எங்கள் ஊர் மாமி ஒருத்தி தாதருக்குப் போய்வருவதென்றால்கூடத் தூக்கில் தயிர்சாதம் இல்லாமல் படி இறங்கமாட்டாள். அவர்களுடைய பையில் என்ன இருக்கிறது என்று நான் குனிந்து பார்த்தேன். ஒரு தேங்காய், வெற்றிலைக் கவுளி, மடித்த ரவிக்கைத் துணி. காட்டுக்குள் ரவிக்கைத் துணி எதற்கு? கொலுசைச் சுற்றி எடுத்துப் போவதற்கு என்று எனக்கு விளங்கிவிட்டது.

எட்டு பேருக்கும் சாப்பாடு கணக்காகப் போதுமானதாக இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கண்ணாடிக்காரர் தம்பியை அழைத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். துண்டை இருவரும் இரண்டு முனையில் பிடித்துத் தண்ணீருக்குள் தாழ்த்தி, மீன்குஞ்சுகளைத் துண்டின் மேல் விரட்டி, சட்டென்று தூக்கினார்கள். முதல் நாலு தடவை இலைச்சருகு வந்தது. "குகை பாக்கலாம்னுதான் நான் வந்தேன். என்னத்துக்கு எல்லாரும் இங்கயே உக்காந்துட்டான்னு தெரியலை" என்று அவர் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நாலு வயதுப் பையனை எளிதாக ஏமாற்றலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி எதையும் பிடிக்கவில்லை. எதிர்ப் பாறையில் உட்கார்ந்து அத்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு அம்மாவோடு, பார்வை அத்தையின் காலோடு. அத்தை நடந்தால் பார்வை நடந்தது. அத்தை உட்கார்ந்தால் பார்வையும் உட்கார்ந்தது.

"தண்ணியில எறங்கேன்டி. இவ்வளவு தூரம் வந்துட்டு காலை நனைக்காம போவாளா யாராவது? புடவையை நன்னாத் தூக்கிச் செருகிண்டு எறங்கு" என்றாள் அம்மா. இரண்டாம் தடவையும் சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது அத்தை சிரித்துக்கொண்டே எழுந்தாள். தண்ணீர் அவளுக்குப் பிடிக்கும். சௌபாத்தியில் அலையிலிருந்து அவளை வெளியே அழைத்து வருவது பெரும்பாடு. புடவைக் கொசுவத்தை எடுத்து இடுப்பில் செருகக் குனிந்தாள்.

எதிர்ப் பாறையில் மாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

நான் பாறைக்குப் பாறை தாவி ஓடி அத்தையின் காதைப் பிடித்து இழுத்தேன். "அத்தை, அந்த மாமி உன் காலையே பாக்கறா. கொலுசைத் திருடத்தான் வந்திருக்கா. அந்தக் குடை வியாழக்கிழமை நம்மாத்துல இருந்தது. அப்பாவுக்கு மறந்துபோச்சு."

அத்தையின் கை கொசுவத்தில் அப்படியே நின்றது.

"எந்தக் குடைடி?"

"சிகப்பு நூல் தையல் போட்டது. எழுதி வச்சிருக்கேன்."

"நான் ஆபீஸ்லேர்ந்து வரதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். அப்பா கூட சீக்கிரமே வந்துட்டா அன்னிக்கு."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு மரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தாள். அம்மா காலியான பாத்திரத்தை இன்னொரு தடவை வழித்தாள். பிறகு அத்தை தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவள் முகம் சிவந்ததை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நீ கெட்டிக்காரிடி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, இடுப்பில் செருகவிருந்த கொசுவத்தைக் கீழே உதறி விட்டாள். விளிம்பு பாதத்தை மூடியது. அப்படியே தண்ணீருக்குள் நடந்தாள்.

"ஐயோ, புடவை நனையறதுடி! தூக்கிக்கோ!"

"நனையட்டும் மன்னி. காய வைக்க வெயில் இருக்கே."

ஓடையின் நடுவில் போய், தண்ணீர் இடுப்பளவு வரும்படி ஒரு தாழ்ந்த பாறையில் உட்கார்ந்துகொண்டாள். கத்தரிப்பூ நிறப் புடவை தண்ணீரில் அவளைச் சுற்றி ஊதிப் பரந்தது. காலில் ஒரு நகம்கூடத் தெரியவில்லை.

மாமி எளிதில் விடுகிறவளாக இல்லை. தானும் இறங்கினாள். கையிலிருந்த டம்ளரை அத்தைக்குப் பக்கத்தில் தண்ணீரில் விட்டுவிட்டு, "அடடா, நழுவிடுத்தே, சித்த எழுந்து எடுத்துத் தாயேன்மா" என்றாள். அத்தை உட்கார்ந்தபடியே கையை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். கரையோரம் தாமரை இருப்பதாக மாமி சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "அட்டை! உன் கால்ல அட்டை ஏறறதுடிம்மா! சட்டுனு புடவையைத் தூக்கிப் பாரு!" என்று பெரிதாகக் கூவினாள்.

"ஏறட்டும் மாமி. பாவம், எனக்கு முன்னாலேர்ந்து இங்கயே இருக்கற ஜீவன். வயிறு நெறஞ்சா தானே விழுந்துடும்."

கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கையில் பிடித்திருந்த துண்டு நழுவி, கிடைத்த ஒரே மீனும் தப்பிப்போய்த் தம்பி அழ ஆரம்பித்தான். "அட்டைக்கே பயப்படாதவாளை நீ ஏம்மா பயமுறுத்தறே?" என்றார். அத்தை அவரை அப்போதுதான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவர் தம்பியைச் சமாதானப்படுத்த அத்தை உட்கார்ந்திருந்த பாறையருகே வந்து குனிந்து தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார். நான் அதையும் கவனித்தேன்.

அத்தை கரையேறியபோது ஈரப்புடவை காலோடு ஒட்டிக்கொண்டு தரையைப் பெருக்கியது. கொலுசைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கோ" என்றாள். மாமியின் பை திறக்கவே இல்லை. தேங்காய் வந்தபடியே திரும்பியது.

இறங்கிவரும் பாதையில் அத்தை வேண்டுமென்றே பின்தங்கி என்னோடு நடந்தாள். அப்போது முதல் தடவை கேட்டாள்.

"ஏண்டி, மாமி பாத்தா சரி. அந்தக் கண்ணாடி போட்டுண்டிருந்தவர்... அவரும் என் காலைப் பாத்தாரா?"

"பாத்தார்" என்றேன். திருடர்கள் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பார்க்காமல் இருப்பாரா?

ரயிலில் இரண்டாம் தடவை கேட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "எப்ப பாத்தார்? நான் தண்ணிக்குள்ள இருக்கறச்சயா?" என்றாள்.

கேள்வி விவரமாக வந்ததால் பதிலும் விவரமாக இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. "அப்பவும் பாத்தார். அதுக்கு முன்னாடியும் பாத்தார். பிளாட்பாரத்துலயே பாத்தார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றுவதற்குள் டயரியை எழுதி முடித்தேன். இப்போது அந்தப் பக்கத்தை அப்படியே பெயர்த்து எழுதுகிறேன். ஒன்று: ரயில் சரியான நேரம். இரண்டு: குடை வந்தது. மூன்று: அவர்கள் சாப்பாடு கொண்டுவரவில்லை, தேங்காய் கொண்டுவந்தார்கள். நான்கு: கண்ணாடிக்காரர் குகை பார்க்க வந்தாராம், பொய். ஐந்து: தம்பிக்கு மீன் பிடித்தார், அது தப்பி அத்தை காலடிக் கல்லுக்குள் போய்விட்டது, தேடினார், அகப்படவில்லை. ஆறு: கொலுசு திருட்டுப் போகவில்லை, என்னிடம் பத்திரம். ஏழு: அத்தை காலை மூவரும் பார்த்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது குடை மறுபடி எங்கள் கதவுக் கொண்டியில் தொங்கிற்று. இந்தத் தடவை பேச்சு நிற்கவில்லை. மாமாவின் குரல் மாடிப்படியிலேயே கேட்டது.

"அவன் அம்மா இன்னும் முணுமுணுத்துண்டுதான் இருக்கா. பையன் ஒரே பிடிவாதமா இருக்கான், சார். பண்ணிண்டா இந்தப் பெண்ணைத்தான்னுட்டான். காலைப் பத்தி இனிமே எங்காத்துல பேச்சு எடுக்கப்படாதுன்னு அம்மாவண்டையே சொல்லிட்டான்."

அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். அத்தை அன்று ஆபீஸுக்குப் போகவில்லை, போகவிடவில்லை. கூடத்திலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டிருக்கும். என்னைக் கையைப் பிடித்துப் பால்கனிக்கு அழைத்துப் போனாள். கத்தரிப்பூ நிறப் புடவை தோய்த்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் செம்மண் கறை போயிருக்கவில்லை. அவள் என் உயரத்துக்குக் குனிந்தாள்.

"நன்னா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை. அவரும் பாத்தாரா?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு விஷயத்தை மூன்று தடவை கேட்டால் என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? "எழுதியே வச்சிருக்கேன்" என்று உள்ளே ஓடி டயரியைக் கொண்டுவந்து ஏழாவது வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அத்தை படித்தாள். அந்த ஒரு வரியைத்தான் படித்தாள். மேலே இருந்த வரிகளை என் கை மறைத்துக்கொண்டிருந்தது. டயரியை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போய், வந்தவர் எதிரிலேயே சொன்னாள்:

"வேண்டாம் அண்ணா. குடும்பத்தோட சேர்ந்து மாட்டுச் சந்தைக்கு வரா மாதிரி வந்தா. அந்தாத்துக்கு நான் போகலை."

அப்பா அவளிடம் இரைந்தார், பிறகு கெஞ்சினார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம். திருடர் வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கொலுசைக் காப்பாற்றியதற்கு யாராவது என்னைப் பாராட்டுவார்கள் என்று அந்த வாரம் முழுதும் எதிர்பார்த்தேன்.

அத்தைக்குக் கல்யாணம் ஆனது கப்பல் வெடித்ததற்கு அடுத்த வருஷம், தை மாதம். மாப்பிள்ளைக்குக் கல்யாண் என்ற ஊரில் ரயில்வே வேலை. நல்ல மனிதர், தழும்பைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, பார்க்கவும் ஆள் அனுப்பவில்லை. அத்தை நன்றாகவே இருந்தாள். ஆகையால் நான் ஏதோ ஒரு வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதாக இங்கே சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எதற்காகப் போனோம் என்பதை அம்மா எனக்குச் சொன்னது என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. தழும்பை மாமி தன் கண்ணால் பார்த்துத் தெளியட்டும் என்று பெரியவர்கள் பேசிவைத்த ஏற்பாடாம்; கண்ணாடிக்காரருக்கு ஒன்றுமே தெரியாதாம். குகை பார்க்கலாம் என்று சொல்லித்தான் அவரையும் அழைத்து வந்தார்களாம். நான் அன்றிரவே பழைய டயரியைத் தேடி எடுத்து ஐந்தாவது வரியையும் ஏழாவது வரியையும் அடுத்தடுத்துப் படித்தேன். அவர் குனிந்து தேடியது மீனை. பிளாட்பாரத்தில் அவர் எதைப் பார்த்தார் என்பதற்கு என்னிடம் குறிப்பே கிடையாது.

அதற்குப் பிறகு பல விஷயங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். நானே பார்க்காத எதையும் பார்த்ததாக எழுதவில்லை. அத்தையிடம் அந்த இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்லத் தோன்றியபோது அவளுக்குப் பேரக்குழந்தைகள் பிறந்துவிட்டன. சொல்லவில்லை.

இப்போதும் என்னைத் தொந்தரவு செய்வது அந்தத் தவறான வரி அல்ல. ஒன்பது வயதுப் பெண் தவறாக எழுதலாம். ஒரு விஷயத்தை ஒருவர் மூன்றாம் தடவை கேட்டால், சந்தேகத்தினால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பால்கனியில் குனிந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, அவசரமில்லை என்று சொன்னவள், வேறு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.